கோடு குறைந்தவனுக்குக் கோழி

மாப்ள,

நேற்று லேப்டாப்பில் ஒரு பீப்பாயை உடைத்தேன். உள்ளேயிருந்து முழுக்கோழி வறுவல் ஒன்று தரையில் விழுந்தது. விளாங்குடி கேம் கடையில் நாம் ஆடிய அதே போலீஸ் ஆட்டத்தைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தெருவில் மழை ஈரம் மின்னுகிறது. ரவுடிகளின் நெற்றியில் வியர்வைகூடத் தெரிகிறது. நம் காலத்தில் செங்கல் துண்டு போலிருந்த கோழியில் இப்போது ஆவி பறக்கிறது. அதற்கு மேல் ஆட முடியவில்லை. அப்படியே நிறுத்தி வைத்தேன்.

பள்ளி விட்டதும் பையை இறக்காமல் அந்தக் கடை கேம் மிஷின் முன்னால் போய் நிற்போம். நீ தாடிக்காரப் போலீஸ், நான் தொப்பிக்காரன். கோழியைத் தின்றால் தலைக்கு மேலிருக்கும் உயிர்க்கோடு நிரம்பும். யாருக்குக் கோடு குறைவோ அவனுக்குத்தான் கோழி என்று சட்டம் போட்டவன் நீ. அதை மீறியவனும் நீதான். உன் கோடு நூலாகக் கிடக்கும்போதும் கோழியைத் தாண்டிப் போவாய்.

"தின்னுடா, செத்துருவ" என்பேன்.

"எனக்கு வேணாம் மாப்ள. மத்தியானந்தான் கறிச்சோறு அம்புட்டு தின்னேன்" என்பாய்.

மத்தியானம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் சத்துணவுத் தட்டோடு நின்றவர்கள். கடைக்கார அண்ணன் சிரிப்பார்: "ரெண்டு பேரும் ஒதுங்குனா, கோழிய நாந்தான்டா வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

ஒருநாள் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு ரவுடியைக் காட்டினாய். "இவன் சட்டையப் பாரு, என் சட்டை மாதிரியே கிழிஞ்சிருக்கு. இவனை எதுக்குடா அடிக்கிறோம்?"

"ரவுடிடா."

"யாரு சொன்னா?"

"நாமதான போலீசு."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு அவனைத் தூக்கி எறிந்தாய்.

இத்தனை பேரையும் ஏவிவிடுகிற பெரிய ஆள் கடைசித் தெருவில், மாடியில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அந்தத் தெரு வரை நாம் போனதே இல்லை. "அவன் மூஞ்சிய ஒருநாள் பாத்துரணும் மாப்ள" என்பதையே சொல்லிக்கொண்டிருப்பாய்.

பிறகு நீ ப்ளெக்ஸ் கட்டும் வேலைக்குப் போனாய். திருப்பரங்குன்றம் ரோட்டில் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்காக, அவர் முகம் போட்ட பேனரைக் கட்டச் சாரத்தில் ஏறினாய். இரும்புச் சட்டம் மின்கம்பியில் பட்டது. கையுறை கிடையாது. கரண்ட்டை நிறுத்தச் சொல்லவும் ஆள் கிடையாது. கவனக்குறைவு என்றார்கள். யாருடைய கவனக்குறைவு என்று கேட்டேன். உன்னுடையதாம். பிணவறையிலிருந்து உன்னைக் கொண்டுவருவதற்குள் அதே இடத்தில் அதே முகத்தை வேறு ஆட்கள் கட்டி முடித்திருந்தார்கள். உன்னை ஏற்றிய வண்டி அதைக் கடந்துதான் போனது. அந்த முகம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.

இந்தப் புது ஆட்டத்தில் எத்தனை முறை செத்தாலும் எழுந்துகொள்ளலாம். அதனால்தான் கடைசித் தெரு வரை வந்துவிட்டேன். தனியாக வரவில்லை. இரண்டாவது கன்ட்ரோலரையும் மாட்டி, உன் தாடிக்காரனைக் கூடவே கூட்டி வந்திருக்கிறேன். கொஞ்ச தூரம் நான் நடப்பேன், பிறகு உன் கன்ட்ரோலரை எடுத்து உன்னை நடத்துவேன். நான் நடக்கும்போதெல்லாம் நீ சும்மா நின்று அடி வாங்கினாய். நேற்று அந்த மாடிக் கதவின் முன்னால் கோழி விழுந்தபோது இரண்டு பேர் கோடும் நூலாகத்தான் இருந்தது. உன்னுடையது இன்னும் குறைவு.

இன்று காலை மறுபடியும் திறந்தேன். இந்த ஊரில் சட்டம் என்று நான் இன்னும் மதிப்பது நம்முடைய அந்த ஒன்றைத்தான். உன் கன்ட்ரோலரை எடுத்து, உன்னைக் கோழியிடம் நடத்திப்போய்த் தின்ன வைத்தேன். உன் கோடு முழுக்க நிரம்பியது. அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு இரண்டு பேரும் கதவைத் திறந்து உள்ளே போனோம். அவன் நாற்காலியில்தான் இருந்தான். மூஞ்சி நன்றாகத் தெரிந்தது. முதல் அடியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

நீ நின்றுகொண்டிருந்தாய், அவனுக்கு நேர் எதிரே.