குக்கரில் பெய்த மழை

ஜூலை 3, புதன்

வகுப்பில் இருந்தவர்கள்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் (இன்னும் இருவர் காய்ச்சலால் வரவில்லை), டீச்சர், உதவிக்கு வந்த அம்மாக்களில் நான் ஒருத்தி மட்டும்.

மழைத் தண்ணீரைப் பிடித்து அளக்கும் நாள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் அம்மாவுக்குத் தெரியாமல் குக்கரையே தூக்கி வந்திருந்தான். என் மகளிடம் சின்ன டப்பா. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

டீச்சரை ஆபீசில் கூப்பிட்டார்கள். “நீங்களே அளந்து போர்டுல எழுதிடுங்க” என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மற்றதெல்லாம் நானாகப் படித்தது. பயத்தோடு வாங்கிக்கொண்டேன். பெருமையோடும்தான்.

சமையல் கப்பால் அளந்தேன். குக்கரில் நாலு கப். மகள் டப்பாவில் அரை கப். எல்லாரும் ‘வக்கீல்’ என்று கூப்பிடும் சிறுமி எழுந்தாள். “அப்போ குக்கர் இருந்த இடத்துல மட்டும் மழை ஜாஸ்தியா பெஞ்சுதா ஆன்ட்டி?”

“ஆமா” என்றேன். அதையும் போர்டில் எழுதினேன்.

ஜூலை 4, வியாழன்

தலை பின்னும்போது மகள் கேட்டாள்: “சாமி ஏம்மா எனக்கு மட்டும் கொஞ்சமா மழை குடுத்தாரு?”

ஓரவஞ்சனை செய்பவரா அவர்? அப்படியானால் யார் கணக்கு தப்பு?

ஜூலை 6, சனி

மழை. மொட்டை மாடியில் குக்கர், சர்க்கரை டப்பா, மாவு டப்பா மூன்றையும் வைத்தேன். நின்றதும் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். குக்கரில் ஒன்றரை சென்டிமீட்டர். சர்க்கரை டப்பாவில் ஒன்றரை. மாவு டப்பாவிலும் — அதே ஒன்றரை. அகல வாய் அதிகம் வாங்குகிறது. வாங்கியதை அகலமாகப் பரப்பியும் விடுகிறது. மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் பெய்திருக்கிறது.

அங்கேயே கைகூப்பினேன். அப்புறம்தான் உறைத்தது. பத்தொன்பது பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“சின்னப் பசங்க, இந்நேரம் மறந்திருப்பாங்க. நீயா போய் மாட்டிக்காத.”

“வக்கீல் மறக்க மாட்டா.”

“அப்போ ஜாமீன் எடுக்க நானும் வரணுமா?”

சிரித்துவிட்டேன். ஆனாலும் — அஞ்சாவது படிச்சவள நம்பி விட்டோமேன்னு டீச்சர் நினைச்சா? இனிமே கூப்பிடவே மாட்டாங்களோ?

ஜூலை 7, ஞாயிறு

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. புதன்கிழமை போய்ச் சொல்லிவிடுவது.

ஜூலை 10, புதன்

சொன்னேன். டீச்சர் எதிரிலேயே. “போன வாரம் நான் எழுதினது தப்பு.”

“நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன்” என்றாள் வக்கீல்.

“அப்போ நான் ஜெயிக்கலையா?” என்றான் குக்கர்க்காரன்.

“உன் குக்கரும் அவ டப்பாவும் டிரா” என்றேன், மகளைக் காட்டி.

பத்தரைக்கு மழை வந்தது. இம்முறை வாயும் அடியும் ஒரே அகலமான பாத்திரங்கள் மட்டும். பிள்ளைகளே ஸ்கேலைப் பிடித்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சென்டிமீட்டர் வர வர, போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. பிறகு தேங்கிய தண்ணீரில் குதிக்க அனுமதி. எனக்கும் முழங்கால் வரை சேறு.

மகள் டப்பாவுக்குள் ரொம்ப நேரம் பார்த்தாள். “எனக்கும் அவ்ளோதான் குடுத்திருக்காரு.”

கிளம்பும்போது டீச்சர் சொன்னார்: “போர்டைப் பார்த்தேன். நானே திருத்திடலாம்னு இருந்தேன். நான் சொல்லியிருந்தா பிள்ளைங்க சும்மா எழுதிக்கிட்டு விட்டிருப்பாங்க; இப்போ அவங்களே அளந்து பார்த்துட்டாங்க. வாரா வாரம் வர்றீங்களா? ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க.”

ஜூலை 11, வியாழன்

கொடுத்த கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. புதன்கிழமைகளில் இரண்டாம் வகுப்பில் உதவி செய்ய விரும்புகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அளக்க, தைக்க, விதை போட, சுத்தம் செய்யத் தெரியும். தெரியாததை வீட்டில் செய்து பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு எட்டு மணிக்குள் சமையலை முடிக்க வேண்டியிருப்பதால், வரலாமா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.