கடைக்கு ஒருசந்தி

சேசு மரி சூசை

அக்காள்மடம்
9-2-58

அன்பு மகள் லீமாரோசுக்கு அய்யா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் தம்பி இன்னாசியும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கிறோம். பம்பாயில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். வாடைக் காற்று அடங்கிவிட்டது, பத்து நாளாக வள்ளம் ஒழுங்காகக் கடலுக்குப் போய் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, இன்னாசி வாசித்தான். நம் வீடு நொடித்துப்போய்விட்டதாகவும், அம்மா கிறிஸ்துமசுக்குக்கூடப் பழைய சேலையோடு பூசைக்கு வந்ததாகவும் ஊருக்கு வந்துபோன யாரோ சொன்னார்கள் என்றும், அதனால் ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷத்துக்கு அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடப்போவதாகவும், இனிக் கூடுதலாகப் பணம் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறாய். மாதக் கடைசியில் கையெழுத்து என்கிறாய். ஏ தாயி, அவசரப்பட்டுப் போட்டுவிடாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேனாவைத் தொடு. வீடு நொடிக்கவில்லை. நடந்தது வேறு, அதை உனக்கு எழுதாமல் மறைத்தது என் தப்பு.

போன வருஷம் தபசுகாலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில் நம் தெருவை ஒரு பிடி பிடித்தார். நாற்பது நாளும் கறி தொடமாட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்களே, மற்ற நாளில் மட்டும் தினமும் ஆட்டுக்கறியா தின்கிறீர்கள், மீன்காரன் கறியை விட்டுவிட்டு மீனைத் தின்றால் அது என்ன ஒருசந்தி விரதம், எதை விட்டால் உங்களுக்கு வலிக்குமோ அதை விடுங்கள் என்றார். கோவிலில் அத்தனை பேர் இருக்க, பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா திரும்பி என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், ஒங்களுக்கு வலிக்கிறது கடைதான், அதை விடுங்க பாப்போம் என்றாள். என் சீக்கு உனக்குத் தெரியாததா. பாம்பன் ஸ்டேஷனுக்கு மீன் கூடை ஏற்றப் போனேன் என்றால் கையில் ஏதாவது ஒன்று இல்லாமல் திரும்பியதில்லை. வீட்டில் டார்ச் லைட் நாலு, பிடி வளைந்த குடை மூணு, அலாரம் கடிகாரம் ரெண்டு, ரெண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதே கிடையாது. எல்லாத்துக்கும் மேலே அந்த ரேடியோ. சரி விடுறேன், நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன், வீடே விடட்டும் என்று வீம்புக்குச் சொன்னேன். அப்படித்தான் நம் வீட்டில் கடைக்கு ஒருசந்தி வந்தது. அரிசி, உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய், மருந்து, வலைக்கு நூல், இவ்வளவையும் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு வரிசையாக எழுதினோம், இதற்கு மேல் ஒன்றும் வாங்கக்கூடாது. வேறு எது வேண்டும் என்று தோன்றினாலும் பக்கத்தில் இன்னொரு வரிசையாக எழுதி வைத்துவிட்டு, நாற்பது நாளும் கழிந்து பாஸ்காவுக்கு அப்புறம் பார்க்க வேண்டியது. என் மூக்குப்பொடி மருந்துக் கணக்கில் வரும் என்று வாதாடிப் பார்த்தேன், அப்பன்னா என் வெத்திலையும் மருந்துதான் என்றாள். இரண்டும் தள்ளிவைத்த வரிசைக்குப் போயின. முதல் வாரம் மூக்கில் பொடி இல்லாமல் நான் பட்ட பாடு உன் தம்பியைக் கேட்டால் சிரித்துச் சிரித்துச் சொல்வான்.

பாஸ்கா முடிந்த மறுநாள் மூன்று பேரும் சுவர் முன்னால் உட்கார்ந்தோம். தள்ளிவைத்த வரிசையில் பதினாலு சாமான் எழுதியிருந்தது. இப்ப இதுல எது வேணும் என்று அம்மா கேட்டாள். ஒழுகுகிற வாளிக்குப் பதில் ஒரு வாளியும் இன்னாசிக்கு ஒரு வேட்டியும் வேண்டும் என்று பட்டது. மற்றதை எதற்கு எழுதினோம் என்றே எங்களுக்கு ஞாபகம் இல்லை. நீ அனுப்பிய மணியார்டர் பணம் தொடாமல் அரிசிப் பானைக்குள் அப்படியே கிடந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் எங்கே போனது என்று எண்ணிப் பார்த்தேன். உன் சம்பளத்தை நாங்கள் தின்று தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, டார்ச்சும் குடையுமாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் உன் அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன், அதை உன்னிடமும் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா தங்கச்சிமடத்தில் உன் சித்திக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தபோது, வள்ளம் கட்டுகிற ஓடாவி வீட்டு வியாகுலம் தன் மகன் சந்தனத்துக்கு உன்னைக் கேட்டு வந்தாள். மகளிடம் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் உனக்கு எழுதவே இல்லை. அந்த வாரம்தான் ரேடியோவுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். நீ கல்யாணம் முடித்தால் பம்பாய்ப் பணம் நின்றுபோகுமே என்று என் கெட்ட புத்தி முந்திக்கொண்டது. பத்து நாள் கழித்து வியாகுலத்திடம், மகளுக்கு இஷ்டமில்லையாம் என்று சொல்லிவிட்டேன். இதைக் கேட்ட உன் அம்மா எட்டு நாள் என்னோடு பேசவில்லை, தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தாள். கடிதத்துக்குக் கடிதம் வியாகுலம் அத்தை சுகமான்னு அவ கேக்குறாளே, அது ஒங்களுக்கு ஒறைக்கவே இல்லையா என்றாள். உன் மனசு அந்த வீட்டுப் பக்கம் இருக்கலாம் என்று அதுவரைக்கும் எனக்கு மண்டையில் ஏறவில்லை தாயி. அடுத்த தபசுகாலம் வரைக்கும் இந்த ஒருசந்தியை விடுவதில்லை என்று அன்றைக்கு நானாகச் சொன்னேன், இந்தத் தடவை வீம்புக்குச் சொல்லவில்லை.

வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. ரேடியோவுக்கு பாட்டரி தீர்ந்து, அதன் மேல் இப்போது அடைக்கோழி படுக்கிறது. புதுப் பைசா வந்து பத்து மாதம் ஆகிறது, அணாவைப் புதுப் பைசாவாகக் கணக்குப் போட்டுப் பழகவேண்டிய வேலையே உன் அம்மாவுக்கு அதிகம் வரவில்லை. சந்தியாகப்பர் திருநாளுக்குப் போனபோது, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடங்க என்றாள், அப்படியே கடைவீதி முழுக்க நடந்தேன், பார்த்தவனெல்லாம் எனக்கு இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டான். ஆடியில் ஒரு தடவை சறுக்கினேன். தலையில் மாட்டிக்கொள்கிற விளக்கு ஒன்று ஸ்டேஷன் வாசலில் விலைக்கு வந்தது, தொழில் சாமான் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். இன்னாசி, நாலு டார்ச்சு கெடக்கும்போது ஒங்க தலைக்கு எதுக்குய்யா அஞ்சாவது என்று கேட்டான், போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெற்ற பிள்ளை கேட்கும்படி வைத்துக்கொண்டேன், வேறென்ன. இதெல்லாம் வீட்டுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. ஊருக்கு அப்படித் தெரியவில்லை. கடைப்பக்கமே மனுவேலைக் காணவில்லை, அவன் பெண்டாட்டி வெற்றிலையை விட்டுவிட்டாள், அப்படியென்றால் மகள் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள், அங்கன எவனையோ கட்டிக்கொண்டாள் என்று கடற்கரையில் பேச்சு. நான் அதைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. எதற்காக ஒருசந்தி என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வருமே என்ற பயம்தான். என் வெட்கத்துக்கு உன் பெயர் பலியானது.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் வியாகுலம் ஓலைப்பெட்டி நிறைய அரிசியும், அதன் மேல் மடிப்புக் கலையாத புதுச்சேலை ஒன்றும் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெத்த மகளே கைவிட்டா என்னண்ணே செய்வீக, அக்காவ இதைக் கட்டச் சொல்லுங்க, எனக்கு வேற ஆளா நீங்க என்றாள். யாருக்குத் துரோகம் செய்தேனோ அவளே அரிசி கொண்டுவந்து நிற்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன், பானையைக் காட்டினேன், ரேடியோ கதையையும் அவளிடம் சொன்னதெல்லாம் பொய் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அட பாவி மனுசா, நீ வெளங்குவியா, எம்மவன் மூணு வருசமா பாக்குற பொண்ணையெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிக்கிட்டு வள்ளத்துக்குள்ளயே கெடக்கான், அவளுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சு நான் கோவில்ல கண்ணீர் விட்டுருக்கேன், ஒரு பாட்டுப்பெட்டிக்கா எங்களை இப்படிப் பண்ணுன என்று தெருக் கூடும்படி கத்தினாள். கத்தட்டும் என்று நின்றேன். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, உன்னைப் பற்றிப் பேசிய வாயெல்லாம் அன்றோடு அடைபட்டது, இப்போது என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டியவள் திரும்பி வந்து சேலையை மட்டும் அம்மா கையில் வைத்தாள். இது இங்கனயே இருக்கட்டும், ஒனக்கில்ல, அவ வந்து பிரிச்சுப் பாக்கட்டும் என்றாள். அந்தச் சேலை பிரிக்காமல் நம் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. இதை உனக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஒன்றரை மாதமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன், என்ன முகத்தோடு எழுதுவது.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். எங்களுக்காக அந்த அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடாதே. நானும் இன்னாசியும் கொண்டுவருகிற மீனில் இந்த வீடு தாராளமாக நடக்கிறது, ஒரு வருஷம் நடத்திப் பார்த்தாயிற்று. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்து, அங்கேயே இருக்க வேண்டும் என்று உன் மனசுக்குப் பட்டால் கையெழுத்துப் போடு, நான் வருத்தப்பட மாட்டேன், வியாகுலத்திடம் நானே போய்ச் சொல்கிறேன், இந்தத் தடவை உன் பதிலைத்தான் சொல்வேன். வருவதாக இருந்தால் பாஸ்கா கழித்துக் கோவிலில் உனக்கும் சந்தனத்துக்கும் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். நீ செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிவதாகவும் கேள்விப்பட்டோம். நாங்கள் ஒரு வருஷம் ஒருசந்தி இருந்துவிட்டு ஊரைக் கூட்டினோம், நீ ஏழு வருஷமாக இருந்ததை யாரும் கேட்கவில்லை. பானையில் இருப்பது முழுக்க உன் பணம், உனக்கென்றுதான் இருக்கிறது. நாளைக்கே போய் நல்ல செருப்பு ஒன்று வாங்கிக்கொள், அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். பனிக்காலம், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. படுக்கப் போகும்போது செபமாலையை மறக்காதே. நீ எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

இப்படிக்கு
உன் அய்யா
மனுவேல்

பதிலைக் கடிதத்தில் எழுதாதே, மாதக் கடைசிக்குள் தந்தி கொடு. தந்திச் சேவகன் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று தெருவே ஓடிவரும், வரட்டும். வீண் செலவு என்று நீ யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா இப்போதுதான் இன்னாசியைக் கூப்பிட்டு, அடுப்படிச் சுவரில் வாங்கலாம் என்று அரிசி, உப்பு எழுதியிருக்கிற வரிசையில் கடைசியாகத் தந்தி என்றும் எழுதச் சொன்னாள். எழுதியாயிற்று.