வாசிக்காமல் வைத்த கையெழுத்து

இஞ்சாருங்க,

நான் மட்டக்களப்புக்கு, சட்ட உதவி லோயரம்மாவைப் பாக்கப் போறன். உங்களை எழுப்ப மனம் வரல்ல. சோறும் மீன் சொதியும் மூடி வெச்சிருக்கன். ஆமிச் சென்றியில இப்ப பஸ்ஸால இறக்கிச் சோதிக்கிறதில்லத்தானே, பின்னேரத்துக்குள்ள வந்திருவன்.

நீங்க போன வேன் பிரண்ட அண்டு, ஆசுபத்திரி வார்ட்டில வெச்சுப் பொலிஸ் சிங்களத்தில எழுதின உங்கட வாக்குமூலத்தில "டிரைவரில பிழையில்ல" எண்டு கிடக்காம். அவர் நித்திரைத் தூக்கத்தில ஓட்டினதெண்டுதானே நீங்க சொன்னீங்க! தமிழில புதுசாக் குடுக்கலாமெண்டு லோயரம்மா சொல்றா.

பத்து மணிக்கு உளவளத்துணைப் பிள்ளை துசாந்தினி வருவா. போன கிழமை மாதிரிக் கதவைச் சாத்திப் போட்டுப் படுக்காதீங்க. அவவும் துன்பப்பட்டவதான், சுனாமியில தாயைப் பறிகுடுத்தவ. உங்களுக்கு வாற கனவையெல்லாம் சொல்லுங்க, சிரிக்கமாட்டா.

அஜந்தா

மறுகா ஒண்டு. "வாசிக்காம ஏன் கையெழுத்து வெச்சீங்க?" எண்டு நேத்துக் கத்திப் போட்டன். உங்கட காலை ஒப்பரேசன் செய்ய முன்னம் எனக்கும் சிங்களத்தில ஒரு கடதாசி நீட்டினாங்க. நானும் வாசிக்காமத்தான் கையெழுத்து வெச்சன். அந்தக் காலால நடந்துபோய்த் துசாந்தினிக்குக் கதவைத் திறந்து விடுங்க.