ஞாயிறு ஆசிரியர் குழு

ஈரோடு
12.8.2024

அன்புள்ள ஹர்ஷிணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னார். நம்மோடு படித்த மேக்னாவின் ரிசப்ஷனில் நீ பந்தியில் பாதியில் எழுந்து போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. கல்லூரி மூன்று வருடமும் நம் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைக்கு வேறு சாப்பாடு எப்படி இறங்கும் என்று பெருமை வேறு.

அன்றைக்கு நீ சொன்ன காமிக்ஸ் ஆசிரியர் குழுவை நம்பி, நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். அசல்தான் வேண்டும் என்றாய். போட்டோ எடுத்து அனுப்பினால் வண்ணம் செத்துவிடுகிறது, அது எனக்கும் தெரியும். பகலெல்லாம் ஜவுளிக்கடைக் கட்டைப்பைகளுக்கு மயிலும் மாங்காயும் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் இரண்டு வருடமாக வரைந்தது. பத்திரம்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். என் தங்கை நஸ்ரியா பன்னிரண்டு வயதில் டியூஷனுக்குப் போகாமல் காங்கேயம் பஸ்ஸில் ஏறி, தேங்காய்க் களத்தில் நாள் முழுக்க விளையாடிவிட்டு, தலையெல்லாம் நாரோடு திரும்பி வந்த கதை. "அடிக்கறதுக்கு முன்னால ஒரு வாய் சோறு போட்டுருங்கம்மா" என்று அவள் கேட்க, அம்மா சிரித்துவிடுவதில் முடிகிறது. டெங்குவில் அவள் போய் எட்டு வருடம் ஆகிறது. போட்டோ எல்லாம் பழைய போனோடு போயிற்று. மிச்சம் ஸ்கூல் ஐடி கார்டு ஒன்றுதான், அதிலும் முறைக்கிறாள்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். ஓரத்திலிருந்து பார்வை குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வருடம் ஓடினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, படம்தான். கண் இருக்கும்போதே நஸ்ரியாவை அவர் கையில் புத்தகமாகக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உன்,
சஃபியா


சரவணம்பட்டி
26.8.2024

என் சஃபிக்குட்டி,

பார்சல் வந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை குழுவின் முன்னால் எடுத்து வைத்ததும் ஆறு பேரும் பாய்ந்துவிட்டார்கள். இப்படி ஒரு கதை எங்களுக்கு வந்ததே இல்லை. யஷ்வந்த்தான் தலைமை ஆசிரியர். சசிதர் விற்பனை மேலாளர். மற்றவர்களைப் போகப் போகச் சொல்கிறேன்.

இரண்டு விஷயம் முடிவாகியிருக்கிறது. வண்ணம் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும். அப்புறம், சிறுமி தானாக பஸ் ஏறுவதில் விறுவிறுப்பு இல்லை. யாரோ அவளைக் கடத்திக்கொண்டு போக வேண்டும். உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பதிப்பகம் ஒன்றுடன் பேசிக்கொண்டிருக்கிறேன், என்னை நம்பு.

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் போனில் பேச வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பக்கங்களோடு உன் கைப்படக் கடிதம் வை. மனசில் இருப்பதை ஒளிக்காமல் எழுது. வரைந்தவரைப் புரிந்துகொள்ளக் குழுவுக்கு அது உதவும். சாஜிதாம்மாவிடம் அரைகுறையாக எதையும் காட்டிவிடாதே. முழுப் புத்தகமாக ஒரே தடவை பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் பங்காரம்மா வழக்கம்போல மில்லும் மீட்டிங்குமாக ஓடிக்கொண்டிருக்கிறார். பெற்ற அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று திட்டாதே. அம்மா என்று நினைத்தால் எனக்கு முதலில் வருவது உங்கள் அடுப்படிதான்.

முத்தங்களுடன்,
ஹர்ஷி


ஈரோடு
14.10.2024

அன்புள்ள ஹர்ஷி,

கடத்தல்காரனை வரைந்து அனுப்பியிருக்கிறேன். பெரிய மீசை, கட்டம் போட்ட சட்டை. என் வீட்டுக்காரர் ஷாநவாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இவன் எங்க கடை மேனேஜராட்டமே இருக்கறானே" என்றார். வேண்டுமென்றேதான் அப்படி வரைந்தேன் என்று நான் சொல்லவில்லை.

எல்லாப் பக்கத்தையும் வண்ணமில்லாமல் புதிதாக வரைந்தபோதுதான் கொஞ்சம் வலித்தது. அந்தக் களத்துத் தேங்காய்ப் பருப்பின் வெள்ளையும் அவளுடைய பச்சைப் பாவாடையும் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்று எத்தனை தடவை கலந்து பார்த்திருப்பேன். போகட்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறீர்கள்.

அம்மா தினமும் கேட்கிறார், "புஸ்தகம் எப்பக் கண்ணு வரும்?" என்று. பக்கத்தில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடுகிறார். தட்டிவிட்டு, வைத்தவர்களைத் திட்டுகிறார். ஹர்ஷிணி பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தொழுகையில் உன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார், தெரியுமா?

உன்,
சஃபியா


சரவணம்பட்டி
4.11.2024

சஃபி கண்ணு,

கடத்தல்காரன் பிரமாதம். சசிதர் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்த வாரம் சண்டையே வந்துவிட்டது. அட்டையில் பெண்பிள்ளை இருந்தால் விற்காது என்று அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். நான் உனக்காக எவ்வளவோ வாதாடினேன், முடியவில்லை. நஸ்ரியாவைப் பையனாக மாற்றிவிடு. பெயரை நீயே வை. எல்லாப் பக்கத்திலும் மாற்ற வேண்டும் என்பது கஷ்டம்தான், உன்னால் முடியும். அடுத்த கடிதத்தில் உனக்கு இது எப்படி இருந்தது என்று விரிவாக எழுது.

சாஜிதாம்மாவுக்கு என் வணக்கம்.

ஹர்ஷி


ஈரோடு
16.12.2024

அன்புள்ள ஹர்ஷி,

உன் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. இது என் தங்கை, ஹர்ஷி. கடைக்காரர் மயில் வேண்டாம் என்றால் யானையாக்கிக் கொடுக்கிற கட்டைப்பை இல்லை. ஆனாலும் மாற்றிவிட்டேன். கேட்டது நீ. நீ எனக்குக் கெட்டது நினைத்ததில்லை.

எல்லாப் பக்கத்தையும் மறுபடி வரைந்து அவள் ஜடையை எடுத்தேன். பாவாடையை டவுசராக்கினேன். பெயர் வைக்க மட்டும் மனசு வரவில்லை, அதனால் எல்லோரும் "தம்பி" என்றே கூப்பிடுகிறார்கள். வரைந்து முடித்துப் பார்த்தால் யாரோ பக்கத்து வீட்டுப் பையன். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

வாசலில் யார் வந்து நின்றாலும் குரல் கொடுத்த பிறகுதான் அம்மா அடையாளம் சொல்கிறார். சீக்கிரம் முடித்துக் கொடுக்கச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

சஃபியா


சரவணம்பட்டி
6.1.2025

என் தங்கமே,

உன் போன கடிதம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. மயில், யானை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

கடைசி மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். பையன் ஒன்பதாம் பக்கத்திலேயே செத்துப்போக வேண்டும். மிச்சம் முழுக்க அம்மா அவனைத் தேடி அலைவது. யஷ்வந்த் இதைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். அதனால்தான் நீ வரைந்தால் நன்றாக வரும்.

ஹர்ஷி


ஈரோடு
3.2.2025

ஹர்ஷி,

சாகடித்துவிட்டேன். ஒன்பதாம் பக்கம், வலது ஓரக் கட்டம். பையன் முகமாகத்தான் இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். கண்ணை மூட வைத்ததும் அது நஸ்ரியாவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்று அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் அழாமல் நின்றேன். அதையெல்லாம் சேர்த்து இப்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளை இரண்டாம் தடவை அடக்கம் செய்த மாதிரி இருக்கிறது.

அம்மாவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு நேராகப் பிடித்தால் ஒரு உள்ளங்கை அளவு தெரிகிறது. இனிமேல் மாற்றம் எதுவும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். முதலில் அனுப்பிய வண்ணப் பக்கங்களைத் திருப்பி அனுப்பிவிடு. முழுசாக இல்லாவிட்டாலும் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது. அவள் சோறு கேட்கிற முகம். அது உள்ளங்கை அளவுதான், அம்மாவுக்குத் தெரியும்.

இன்றைக்கே அனுப்பு.

சஃபியா


ஈரோடு
26.2.2025

ஹர்ஷி,

மூன்று வாரமாகப் பக்கமும் வரவில்லை, பதிலும் இல்லை. திங்கட்கிழமை காலை அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி. ஞாயிறே வந்து, அம்மாவைக் கோட்டைமேட்டில் மாமி வீட்டில் விட்டுவிட்டு, பக்கங்களை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று உன் பிளாட்டுக்கு வந்தேன். அம்மா உனக்கென்று மாமி வீட்டு அடுப்பில் நின்று செய்த நெய்ச்சோறு தூக்குப்போசியில் இருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஒருவன் எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "சாப்பாடு ஆர்டருங்களா? அங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றான். உள்ளேயிருந்து யாரோ "யஷ்வந்த், உன்ற முறைடா" என்று கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

நீ நின்றுகொண்டு என் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாய். என் குரலில். "வலது கண் போய்விட்டது" என்பதற்கு மூக்கை உறிஞ்சினாய். நன்றாகவே செய்தாய். "அழுகைக்கு ரெண்டு பாயின்ட்" என்று ஒருவன் சொன்னதும் சிரித்தீர்கள். மேஜையில் என் தங்கையின் முகங்கள் இருந்தன. வண்ணப் பக்கங்களிலிருந்து வட்டமாக வெட்டி, சோடா மூடிகளில் ஒட்டி வைத்திருந்தீர்கள். ஒருத்தி டைஸை உருட்டிவிட்டு, ஒரு மூடியை ஆறு கட்டம் தள்ளி வைத்து, "ஆறு! மறுபடியும் பொண்ணாக்கிருவோம்" என்று கத்தினாள். எனக்கு அடுத்து வர இருந்த கடிதம் அதுதானே?

போசியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார். இனி இடது கண்ணிலும் வெளிச்சம், இருட்டு மட்டும்தான்.

அங்கே நடந்தது என்ன, ஹர்ஷி? அதற்குப் பெயர் என்ன?

சஃபியா


சரவணம்பட்டி
5.3.2025

அன்புள்ள சஃபியா,

போசியைப் பார்த்த பிறகுதான் நீ வந்தது தெரிந்தது. படியிறங்கி ஓடி வந்தேன், நீ போய்விட்டாய். போனிலும் என்னைத் தடுத்துவிட்டாய்.

கேட்டாய், சொல்கிறேன். அது ஒரு ஆட்டம். ஆளுக்கு ஒரு வேடம் போட்டுக்கொண்டு, இல்லாத ஒரு காமிக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் குழுவாக ஆடுவது. நடத்துகிறவள் நான். கதையைக் கொண்டுவந்து வைப்பேன், சிக்கலைக் கிளப்புவேன், டைஸில் விழும் எண்ணைப் பார்த்து என்ன ஆயிற்று என்று சொல்வேன். மொத்த ஆட்டமும் நானே யோசித்துச் செய்தது. முதலில் கதைகளையும் நானே எழுதினேன். சப்பென்று இருந்தது, மூன்றாவது வாரம் ஆளே வரவில்லை. உன் பக்கங்கள் வந்த பிறகு ஒருவர்கூட ஒரு ஞாயிறையும் தவறவிடவில்லை. மேஜையில் ஒருவன் வெட்டு என்றால் ஈரோட்டில் உட்கார்ந்து ஒருத்தி நிஜமாகவே வெட்டுகிறாள். எந்த ஆட்டத்திலும் அது கிடைக்காது. ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கும்போது, போதும் என்று நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குப் புரியாது.

பதிப்பகம் எதுவும் இல்லை. செய்தது தப்பு. ஆனால் நீயும் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றுதானே வரைந்து அனுப்பினாய்? ஒரு தடவை முடியாது என்றிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். நீ எங்கே நிற்பாய் என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வெட்டிக் கிழிந்தது போக, ஓட்டைகளோடு வண்ணத்தில் பதினோரு பக்கம் மிச்சம் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கம் அதில் இல்லை. மன்னித்துவிடு. சாஜிதாம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

ஹர்ஷிணி


சரவணம்பட்டி
2.4.2025

சஃபி,

ரம்ஜான் முடிந்துவிட்டது. பத்து வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அழைப்பு வரவில்லை. சாஜிதாம்மாவின் போனுக்கு அடித்தேன், நீ எடுத்து, பேசாமல் வைத்துவிட்டாய்.

குழுவைக் கலைத்துவிட்டேன். நீ நம்ப மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. போன கடிதத்தில் உன்மேல் பழி போட்டு எழுதியதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

13ஆம் தேதி ஞாயிறு ஈரோடு வருகிறேன். சாஜிதாம்மாவின் காலில் விழுந்து, ஒன்று விடாமல் நானே சொல்லிவிடுகிறேன். அவர் அடிக்கட்டும், திட்டட்டும். நீ என்னைத் துரத்துவாய். அவர் துரத்த மாட்டார், எனக்குத் தெரியும். அம்மா என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான் சஃபி. அதையும் பறித்துவிடாதே.

உன் ஹர்ஷி


ஈரோடு
9.4.2025

ஹர்ஷிணிக்கு,

வராதே.

பதினோரு பக்கமும் வந்து சேர்ந்தன. அம்மா மடியில் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "காயிதம் நல்லா வழவழன்னு இருக்குது கண்ணு" என்றார். கத்தரி போன ஓட்டைகளில் விரல் நுழைந்தபோது இது என்ன என்று கேட்டார். அச்சுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்றேன்.

நீ எழுதியது சரிதான். நீ வந்து காலில் விழுந்தால் அம்மா உன்னைத் தூக்கி நிறுத்தி, "அறியாத புள்ளைங்க, உடு" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார். அது தெரிந்துதான் நீ கிளம்புகிறாய். எனக்கும் அவரைத் தெரியும். அதனால் திங்கட்கிழமை காலையில் அவரை உட்கார வைத்து, நீ செத்துப்போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன். அவினாசி ரோட்டில் லாரி மோதி, அந்த இடத்திலேயே என்றேன்.

நஸ்ரியாவுக்கு அழுததற்குக் குறையாமல் அழுதார். "பெத்தவங்க எப்புடித் தாங்குவாங்க, என்னையக் கூட்டிட்டுப் போ" என்று பிடிவாதம் பிடித்தார். எல்லாம் முடிந்துவிட்டது, போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை என்று சமாளித்தேன். நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், உனக்குப் பிடித்த தால்சாவுக்குத் தன் கையாலேயே புளி கரைத்தார். உன் பெயரைச் சொல்லிப் பத்துப் பேருக்குச் சோறு போட்டோம். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பொய்தான், பாவம்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை மன்னிக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரிடம் நீ போய்ச் சேராமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி இந்த எண்ணுக்கு அடிக்காதே. இந்தத் தெருவில் வந்து நிற்காதே. அம்மாவுக்குக் கண்தான் தெரியாது. உன் குரல் தெரியும்.

சஃபியா