ஆஸ்பத்திரிக் காட்சி

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த லண்டன் குளிரில் உனக்கும் சளி காய்ச்சல் அண்டாமல் நம் சாஸ்தா பார்த்துக்கொள்ளட்டும். இங்கே ஒரு வாரமாகத் தூறல், மாடியில் போட்ட துணி காயவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. அப்பா ஏன் போனில் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டாயாம். பேசத் தொடங்கினால் பாதியில் வாயடைத்துப் போகும், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பெண்கள் எழுதிய நாடகத்தை மட்டுமே போடுகிற குழு உன் நாடகத்தை எடுத்துக்கொண்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா அதைப் படித்துக் காட்டியபோதுதான் ரஞ்சிதாவின் கதை என்று தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு கம்பெனி லைனில் நின்றவள் வலிக்கிறது, போகட்டுமா என்று கேட்டபோது, லாரி நிற்கிறது, இந்த லாட் முடியட்டும் என்று சொன்ன சூப்பர்வைசர் நான்தானே. ஐந்து மாதப் பிள்ளை கலைந்து போயிற்று. நீ அப்போது பத்தாம் வகுப்பு.

ஒத்திகை நடந்த மண்டபத்துக்கே போய், குழுவை நடத்தும் மணிமேகலையிடம் சத்தம் போட்டேன். பெற்ற அப்பன் சொல்கிறேன், அந்தக் காட்சிகளை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எழுதுன பொண்ணு சொல்லாம ஒரு வரிகூட எடுக்க மாட்டோங்க. வூட்டு ஆம்பளைங்க கேக்கறாங்கன்னு எடுத்துட்டே இருந்தா மேடைல என்னங்க மிஞ்சும்? வினிதாவுக்குப் போன் போடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். லைன் காட்சியைவிட அதற்கு அடுத்த காட்சிக்குத்தான் நான் பயந்தேன்.

போன ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்த பெண்கள்தான் பாதி. எனக்கு மூன்று வரிசை முன்னால் ரஞ்சிதா. இப்போது போச்சம்பள்ளியில் வேலையாம். ஆஸ்பத்திரிக் காட்சியில் அந்த சூப்பர்வைசர் கட்டிலருகே நின்று அழுது மன்னிப்புக் கேட்டபோது பக்கத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும், பார்த்தவர்கள் பேசலாம் என்றார் மணிமேகலை. ரஞ்சிதா எழுந்தாள். "நான்தாங்க அந்தப் பொண்ணு. எழுதுனது எல்லாம் நெசந்தான். ஆனா அந்த சாரு ஆஸ்பத்திரிக்கு வரலீங்க. கம்பெனில இருந்து யாருமே வரலீங்க."

அம்மா கையை எடுத்துவிட்டாள். கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள், நானும் அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "நாந்தான் அந்த சூப்பர்வைசர். அந்தப் பிள்ளை சொல்லுததுதான் சரி. நான் போகல. போனேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டேன்" என்றேன். ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். "நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாளு பாத்தேன் சார்" என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளுடைய விலாசம் கேட்டேன், அவளைக் கேட்காமல் தரமாட்டேன் என்கிறார் மணிமேகலை. அதுவும் நியாயந்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சமையலறையில் நான் அம்மாவிடம் சொன்ன பொய்யை நீ கேட்டிருக்கிறாய், நம்பியிருக்கிறாய், நம் அப்பா நல்லவர் என்று எழுதியும்விட்டாய். அம்மா சோறு போடுகிறாள், பேசுவதில்லை. பிள்ளைக்கு நீங்களே எழுதுங்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அடுத்த மாதக் கடைசியில் கிருஷ்ணகிரியில் மறுபடி போடுகிறார்கள். அந்தக் காட்சியை மாற்றி எழுதம்மா. உன்னைத் தவிர யார் சொன்னாலும் அவர்கள் மாற்ற மாட்டார்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு வரியும் விட்டு வைக்காதே. எனக்குப் பதில் போட மனம் வராவிட்டாலும் அவர்களுக்கு எழுதிவிடு. வேளைக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாத
உன் அப்பா,
மாடசாமி