மஞ்சள் இழைக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீ போன இடத்தில் எல்லாம் நிதானமாக நடக்கும், உனக்குப் பிடித்திருக்கும். இங்கே நான் இன்னும் அதே அவசரக்குடுக்கைதான். நீ வைத்த பேர், மாறவில்லை. இந்தக் கடிதத்துக்கே மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். நடுவில் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க ஓடினேன். அடுப்பை யாரும் பற்றவைக்கவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் மெட்ராஸ் போய் அன்றைக்கே திரும்பினோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தி, ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்பதிலிருந்து ஆரம்பித்திருப்பாய்.

உன் கடைசிப் புடவை ஞாபகம் இருக்கிறதா? கத்தரிப்பூ நிறம், பச்சைக் கரை. முக்கால்வாசி நெய்துவிட்டு ஒரு நாள் காலையில் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயே, அதுதான். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அம்மா உன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாள். நீ விட்ட இடத்தில், கரையோரம், பொட்டளவு மஞ்சள் இழை ஒன்றைச் செருகினாள். "இந்தப் பக்கம் உங்கப்பா, அந்தப் பக்கம் நானு" என்று சொல்லிவிட்டுத்தான் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தொட்டாள். புடவை முடிந்து, நான் வேலை செய்கிற கடைக்கே போய், மெட்ராஸில் ஒரு கல்யாண வீட்டுக்கு விற்றும் போனது.

அங்கிருந்துதான் புகார் வந்தது. கடை போனில் வருகிற போட்டோக்களைப் பார்ப்பது என் வேலை. கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்ததுமே என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே என் கை. இந்த வேர்வைக்காகவே சின்ன வயசில் தறிப்பக்கம் வந்தாலே விரட்டுவாய். "கையத் தொடச்சிக்கினு தொடு, பட்டு கறை புடிச்சிக்கும்" என்பாய். துடைத்துக்கொண்டு வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். கடைசியில் தறியை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

புடவையின் குறுக்கே பட்டை பட்டையாக வெளிறித் தெரிகிறது, மாற்றித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி கூரியரில் அனுப்பச் சொல்லலாம் என்றார். நான் அதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் எது நிற்கிறது எனக்கு?

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என் கைதான்டி கெடுத்திருக்கும். நாப்பது வருஷமா அவரு நெஞ்ச ஒரு பொடவ திரும்பி வந்ததில்ல. கடைசிப் பொடவையில போயி நான் பேரக் கெடுத்துட்டேன்" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? எனக்கு நெய்யவே தெரியாது. நேரில் போய்த் தன் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று நின்றாள். மாற்றுப் புடவை ஒன்றை முதலாளியிடம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

விடியற்கால ரயில். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் புடவைப் பையை எட்டு முறை திறந்து பார்த்திருப்பேன். "அது எங்கயும் எறங்கிப் போயிடாது, சும்மா இருடி" என்றாள் அம்மா. செங்கல்பட்டில் கூட்டம் ஏறியது. எதிரே ஒரு பெண் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா கையை நீட்டி அவள் முந்தானையைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் பதறிப் போய்ப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா என்னிடம் குனிந்து, "பவர்லூமு. பாவம், பட்டுன்னு நெனச்சிக்கினு இருக்குது" என்றாள். அந்த நாளில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறி அண்ணா நகர் போனோம். தப்பான வாசல் வழியாக வெளியே வந்து, வெயிலில் ஒரு தெருவை இரண்டு முறை சுற்றினோம். நான் போனையும் தெருப் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முன்னால் ஓட, அம்மா செருப்பைத் தேய்த்தபடி பின்னால் வந்தாள். நாலாவது மாடி. கல்யாணப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்தார். நல்ல மாதிரி. ஃபேனைப் போட்டு, காபி கொடுத்து, "இதுக்காக நீங்க இவ்ளோ தூரம் வரணுமா? நான் குறை சொல்லணும்னு சொல்லல. கல்யாணப் புடவை, அதனாலதான்" என்றார்.

அம்மா காபியைத் தொடவில்லை. புடவையைப் பால்கனிப் பக்கம் கட்டிலில் விரிக்கச் சொன்னாள். உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டாள். முந்தானையிலிருந்து விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். அது அவள் நெய்த பக்கம். விரல் நிற்கவே இல்லை. மஞ்சள் இழை வந்தது. அதையும் தாண்டி உன் பக்கம் போனாள். அங்கே நின்றாள்.

அப்பா, எனக்கே தெரிந்தது. வெளிறிய பட்டைகள் எல்லாம் மஞ்சள் இழைக்கு இந்தப் பக்கம் இருந்தன. உன் பக்கம்.

அம்மா அங்கேயே ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜாண் போட்டாள். ஒரு ஜாண் கெட்டி, அரை ஜாண் தளர்ச்சி. மறுபடி கெட்டி, மறுபடி தளர்ச்சி. எதையோ கணக்குப் பார்ப்பவள்போல உதடு அசைந்தது. நான் கேட்க வாயெடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"இதை யார் நெய்தது?" என்று அந்த வீட்டம்மா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"நான்தாம்மா. மொத்தமும் என் கைதான். வயசாயிடுச்சு, கை தளந்து போச்சு. வேற கொண்டாந்துக்கீறோம், பாருங்க" என்றாள் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல்.

கல்யாணப் புடவை என்பதால் உன் சாவைச் சொல்லவில்லை என்று முதலில் நினைத்தேன். அதுவும் இருக்கும். ஆனால் புகார் வந்ததிலிருந்து தன் கை கெடுத்துவிட்டதே என்று தவித்தவள், தன் கை கெடுக்கவில்லை என்று தெரிந்த நிமிஷத்திலேயே அந்தப் பழியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். உன் பேர் கெடக் கூடாதாம். மாற்றுப் புடவை அவர்களுக்குப் பிடித்துப்போனது. உன் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

திரும்பும் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. "பீச்சு பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "அலையப் பாத்து இன்னா பண்றது, அதுவும் உன்ன மாதிரி ஒரு எடத்துல நிக்காது" என்றாள். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தோம். அவள் உட்கார்ந்தாள், நான் நடந்தேன். பொறுக்க முடியாமல் எதிரே போய் நின்று, "ஏம்மா பொய் சொன்ன?" என்றேன்.

அம்மா பையிலிருந்து புடவையை எடுத்து மடியில் விரித்தாள். "தொட்டுப் பாரு. இது காலையில நெஞ்சது, கெட்டியா கீது. இது மத்தியானத்துக்கு மேல. அடி விழல பாரு. நாடா போன பின்னால பலகைய இஸ்து அடிக்கணுமே, அதுக்கு அவருக்குத் தெம்பு இல்ல. மறுநாளு காலையில மறுபடியும் கெட்டி. மத்தியானம் மறுபடியும் இப்டி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு நாளுடி. அஞ்சு நாளா நெஞ்சு நோவோட நெஞ்சிருக்காரு உங்கப்பா."

பிறகு சொன்னாள்: "நான் பக்கத்துலதான் தார்ல நூல சுத்திக்கினு இருந்தேன். அடிக்கிற சத்தம் கொறைஞ்சது என் காதுக்குக் கேக்கலியே."

அங்கே, அத்தனை பேர் நடுவில், உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன் அப்பா சொல்லவில்லை? அன்றைக்குக் காலையில்தான் வலித்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் சொன்னாயே. புடவை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாயா? சொன்னால் தறியை நிறுத்திவிடுவோம் என்று பயந்தாயா?

கோபம் இறங்கியதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள், நான் செருப்பு மாட்டும்போது, "வாயுப் புடிப்பா கீதும்மா, கொஞ்சம் சீரகத் தண்ணி வெச்சிக் குடேன்" என்று கேட்டாய். "நேரமாச்சுப்பா, அம்மாகிட்ட கேளு" என்று ஓடிவிட்டேன். நீ அம்மாவிடம் கேட்கவில்லை. எத்தனையாவது நாள் அது? அந்த ஐந்து அரை ஜாண்களில் எது அது? ரயில் வரும்வரை அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புடவையைக் கடையில் வைத்துவிட்டு, இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முதலாளி மஞ்சள் இழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுத்துனு போம்மா" என்றார். இப்போது வீட்டில் இருக்கிறது. அந்த இடங்களை அம்மா என்னை இஸ்திரி போட விடுவதில்லை.

அம்மா இன்னும் உன் தறியில்தான் நெய்கிறாள். இதை எழுதும்போதும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நேற்று, "உனக்கு ஏதாச்சும் வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி கீறேன்" என்றாள். நீயும் இப்படித்தான் சொல்வாய். உங்கள் இரண்டு பேரின் வாயையும் இனி நான் நம்புவதாக இல்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் நேராகத் தறிக்குப் போவேன். அன்றைக்கு அம்மா நெய்ததைக் காலையிலிருந்து மாலைவரை விரல் வைத்துத் தடவிப் பார்ப்பேன். எங்கேயாவது தளர்ந்திருந்தால் அந்த நிமிஷமே அவளைத் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவேன். அதற்கு மட்டும் நான் அவசரக்குடுக்கையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டுதான் தொடுவேன், அப்பா.

உனக்குச் சீரகத் தண்ணீர் பாக்கி வைத்திருக்கும் மகள்,
ரேவதி