சித்தப்பா எப்படி இருக்காரு?

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்துவிட்டது. கல்லீரல் என்சைம் எல்லாம் அளவோடு இருக்கிறதாம். உங்கள் கல்லீரலில் இருந்து வெட்டிக் கொடுத்த துண்டு அவளுக்குள் சமர்த்தாக வேலை செய்கிறது.

ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள், இப்போதெல்லாம் தானே கையை நீட்டுகிறாள். காரணம் இன்றுதான் தெரிந்தது. ரிசல்ட் தாளை எடுத்துவந்த லேப் பெண்ணிடம், "அக்கா, சித்தப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாளே பார்க்கலாம்! வயிற்றுக்குள் நீங்கள் இருக்கிறீர்களாம், உங்களுக்கு உடம்பு தேவலையா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறார்களாம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஜம்முனு இருக்காரு, கண்ணு" என்றாள். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மனசு வரவில்லை.

வீட்டில் உங்கள் பேச்சு வந்தால் உங்கள் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். முன்பு அது கோபம். ஆபரேஷன் முடிந்து நீங்கள் சொல்லாமல் கிளம்பிய நாளிலிருந்து அது கோபமில்லை. என்னவென்று நான் கேட்கவில்லை.

லேபில் நடந்ததை அவருக்குப் போனில் சொல்லியிருந்தேன். இன்று வேலைவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் பாப்பா முன்னால் குனிந்தார்.

"என்னம்மா, சித்தப்பா எப்படி இருக்கானாம்?"

"ஜம்முனு இருக்காராம்ப்பா!"

தம்பி, இங்கே இருக்கிற சித்தப்பாவை நாங்கள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மீதிச் சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று எந்த லேபில் போய்க் கேட்பது? வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்
அண்ணி